நான் படித்துச் சொன்ன நம்பர்கள்

என் மகள் மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது அவள் உச்சந்தலையில் ஐம்பது காசு அகலத்துக்கு முடி இல்லாமல் போனது. புழுவெட்டு என்று நினைத்து, சின்ன வெங்காயத்தை நசுக்கி ஒரு மாதம் தேய்த்தேன். எரியுது எரியுது என்று பிள்ளை குதிப்பாள், நான் விடமாட்டேன். பிறகு ஒரு சாயங்காலம் அவள் வீட்டுப்பாடம் எழுதுவதைக் கதவோரம் நின்று பார்த்தேன். வலது கையில் பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. இடது கை உச்சந்தலைக்குப் போய், ஒரே ஒரு முடியைத் தேடிப் பிடித்து வெடுக்கென்று இழுத்தது. அதை மேசைக்கு அடியில் போட்டுவிட்டு அடுத்த முடிக்குப் போனாள். முகத்தில் வலியே இல்லை. 

அப்போது நாங்கள் மலேசியாவில் ஈப்போ டவுனில், புந்தோங்கில் வாடகை வீட்டில் இருந்தோம். எழுபதுகளின் கடைசி. என் வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டினார். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மூன்றாம் பாரம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்து, அதற்கு மேல் படிக்க வைக்க ஆளில்லாமல் நின்றவள். அந்த ஆத்திரம் எனக்குள் எப்போதும் இருந்தது. அதனால் ஒரே மகளை டவுனில் பேர் போன பெண்கள் பள்ளியில்தான் சேர்ப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். சிபாரிசுக்காக நாலு பேர் வீட்டு வாசலில் காத்துக் கிடந்து சேர்த்தேன்.

பள்ளி நல்ல பள்ளிதான். டீச்சர்மாரை ஒரு குறை சொல்லமாட்டேன். நாசமாய்ப் போனதெல்லாம் வெளி கேட்டில். மணி அடிக்க அரை மணி நேரம் இருக்கும்போதே தாய்மார்கள் வந்து மர நிழலில் நின்றுவிடுவோம். ஆபீஸ் கிராணி மனைவி, வாத்தியார் மனைவி, சிலோன்காரம்மா இரண்டு பேர், நாலைந்து சீனப் பெண்கள், பஸ் டிரைவர் பெண்டாட்டி நான். சீக்கு மட்டும் எல்லாருக்கும் சாமாதான், ஒரே மாதிரிதான். பிள்ளை வெளியே வந்ததும் தண்ணீர் குடித்தாயா என்று கேட்கிற வழக்கமே கிடையாது. பையைப் பிடுங்கித் திறந்து, "எத்தனாவது நம்பர்?" தன் பிள்ளையின் பை முடிந்ததும் அடுத்த பிள்ளையின் பை. ஒரு அம்மா வருஷம் முழுக்க என்னிடம், "எங்க பிள்ளைக்கு டியூஷனா? அது டிவி பாக்கத்தான் லாயக்குக்கா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை பாசாருக்குக் காய்கறி வாங்கப் போன வழியில் பார்க்கிறேன், டியூஷன் வீட்டிலிருந்து தாயும் மகளும் குடை பிடித்துக்கொண்டு இறங்கி வருகிறார்கள்! இன்னொருத்தி பரீட்சைக்கு முந்தின வாரம் எங்களிடம் பயிற்சிப் புத்தகத்தை இரவல் வாங்கினாள். பரீட்சை முடிந்து மறுநாள்தான் திருப்பிக் கொடுத்தாள்.

நான் மட்டும் யோக்கியமா? நானும் அடுத்த பிள்ளைகளின் நோட்டைப் புரட்டிப் பார்த்தவள்தான். அந்த வருஷம் என் மகள் இரண்டாவது நம்பரிலிருந்து பதினொன்றாவதுக்கு இறங்கினாள். கேட்டில் ஒரு பெண் என் மகளின் தலையைத் தடவி, "தாப்பாலா, பரவாயில்ல, எல்லாப் பிள்ளைக்கும் மூள ஒரே மாதிரியா இருக்கும்?" என்றாள். நான் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து அந்தக் கோபத்தைப் பிள்ளைமீது கொட்டினேன். அந்த வாரத்தில்தான் முடி பிடுங்குவது தொடங்கியிருக்க வேண்டும். அது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

செமோர் பக்கம் ஒரு தோட்டத்தில் வீட்டுக்காரரின் அண்ணன் வேலை செய்தார். பாதி ரப்பர், பாதி செம்பனை நட்டுக்கொண்டிருந்த தோட்டம். அங்கே லாரி ஓட்ட ஆள் தேடுகிறார்கள், வீடும் உண்டு என்று சொல்லிவிட்டிருந்தார். தோட்டத்தை விட்டு எல்லாரும் டவுனுக்கு ஓடி வந்துகொண்டிருந்த காலம் அது. போகலாம் என்று நான் சொன்னதும் சொந்தக்காரர்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியா? ஆறாம் வகுப்பு முடித்து, மற்ற பிள்ளைகள் பாரத்துக்குப் போகும்போது இவள் மலாய் பழக ஒரு வருஷம் ரிமூவ் வகுப்பில் உட்கார வேண்டுமே? உனக்குப் பைத்தியமா? எல்லாரும் கேட்டார்கள். ஒரு வருஷம் போனால் போகட்டும், என் பிள்ளை தலையில் முடி முளைக்கட்டும் என்றேன்.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கவில்லை. ஒரு நாள் பஸ் பிடித்துப் போய், பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு எதிரே நின்றேன். பலகைச் சுவர் வைத்த மூன்று அறைகள். முன்னால் கொடிக்கம்பம், பப்பாளி மரம். மணி அடித்தது. பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு செம்மண் பாதையில் கத்திக்கொண்டே ஓடினார்கள். கேட்டில் ஒரு தாய்கூட இல்லை. எல்லாத் தாய்மாரும் ரப்பர் பால் நிறுக்கிற இடத்தில் நின்றிருப்பார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதுதான் பள்ளிக்கூடம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

உள்ளே போய்ப் பெரிய வாத்தியாரைப் பார்த்தேன். "இங்க நம்பர் போடுவீங்களா சார்?" என்பதுதான் என் முதல் கேள்வி.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கார்டுல கட்டம் இருக்கும்மா, போட்டுத்தான் ஆகணும். ஆனா இங்க யாரும் அதக் கேக்கிறதில்ல. கைநாட்டு வச்சுத் திருப்பி அனுப்பிருவாங்க."

ஜனவரியில் என் மகள் நாலாம் வகுப்பில் சேர்ந்தாள். அவளோடு சேர்த்து வகுப்பில் ஒன்பது பிள்ளைகள். இரண்டாம் நாளே பின் லயத்து வரிசை வீட்டுப் பிள்ளை ஒருத்தி சிநேகிதியாகிவிட்டாள். மெலிந்த, சத்தமாகச் சிரிக்கிற பெண். தினமும் மத்தியானம் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து, என் மகளின் வழுக்கையை மறைக்கிற மாதிரி வளைத்துப் பின்னி விடுவாள். "கையெடுடி, நான் கட்டினத கலைக்காத," என்று அதட்டுவாள். டவுனில் மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரால் முடியாததை அந்தப் பிள்ளை செய்தாள். இரண்டு மாதத்தில் உச்சந்தலையில் குட்டிக் குட்டியாக முடி முளைத்தது. நான் தடவித் தடவிப் பார்ப்பேன்.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. தாய்மார் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற ஆயாக்கொட்டாயில் பிள்ளை பார்க்கிற வேலை. மத்தியானம் பெண்கள் ரப்பர் பால் நாற்றத்தோடு வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவார்கள். என்னை டவுனக்கா என்பார்கள். அந்தப் பேர் எனக்குப் பிடிக்கத்தான் செய்தது.

முதல் தவணைக் கார்டு வந்தது. என் மகள் நாலாவது. நம்பரே வேண்டாம் என்று ஓடி வந்தவள் நான். ஆனால் அந்த நாலைப் பார்த்ததும் மனசுக்குள் என்ன ஓடியது தெரியுமா? தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கீழேயா என்று ஓடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். டவுன் பள்ளியில் எல்லாம் மலாய்; அவளுக்குத் தமிழ் எழுத்து அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தது. அதுகூட எனக்குத் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் அந்தச் சிநேகிதியின் அம்மா தன் மகளின் கார்டை எடுத்துக்கொண்டு ஆயாக்கொட்டாய்க்கு வந்தாள். புருஷன் சிங்கப்பூருக்குப் போனவன் திரும்பவில்லை. இந்தப் பிள்ளையும், என்னிடம் விடுகிற ஒரு கைக்குழந்தையும்தான் அவளுக்கு. "அக்கா, கேட்டா பாஸ் பாஸ்னு சொல்லுது. மலாய்ல எழுதியிருக்கு, எனக்கு என்னா தெரியும்? நீங்க பாத்துச் சொல்லுங்கக்கா," என்றாள்.

தோட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் "பாஸ்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். தாய்மாரும் சந்தோஷமாகக் கைநாட்டு வைத்துக் கொடுத்தார்கள். நான் கார்டை வாங்கி, ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் பாடம் பாடமாக, மார்க் மார்க்காகச் சத்தமாகப் படித்தேன். கடைசியில், "ஒம்பது பேர்ல ஒம்பது," என்றேன்.

அவள் முகம் மலர்ந்துபோனது. "ஒம்பதா! முழுசா வாங்கிட்டாளாக்கா?" பால் நிறுக்கிற இடத்தில் நம்பர் கூடினால் நல்லது. அவள் வாழ்க்கை முழுக்கப் பழகிய எண் அதுதான். பக்கத்தில் இருந்தவளும், "எம்புள்ள அஞ்சுதான் வாங்கியிருக்கு, ஒம் பிள்ள கெட்டிக்காரிலா," என்று அவளைத் தட்டிக் கொடுத்தாள்.

நான் அங்கே வாயை மூடியிருக்கலாம். ஆமாம், நல்ல நம்பர் என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்குப் பால் கரைக்கப் போயிருக்கலாம். படித்த திமிர் விடவில்லை. "இல்லம்மா, இது பால் நிறுவை இல்ல. ஒண்ணுதான் ஒசத்தி. ஒம்பதுன்னா கடைசி," என்று விளக்கினேன். அவள் சிரிப்பு அப்படியே நின்றது. கார்டை என் கையிலிருந்து வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

அதோடு அந்தப் பழக்கம் பிடித்துக்கொண்டது. மறுநாள் மற்ற பெண்களும் கார்டைக் கொண்டுவந்தார்கள். சின்ன டெஸ்டு வைத்தால்கூடத் தாளோடு வந்துவிடுவார்கள். நானும் வீட்டில் மகளை உட்கார வைத்துத் தினம் இரண்டு மணி நேரம் பாடம் எழுத வைத்தேன். வீட்டுக்காரர் ஒரு நாள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டுச் சொன்னார், "நம்பரு கண்டா பிள்ளைக்கு ஆவாதுன்னுதானே என் பஸ்ஸ விட வச்சே? இப்ப நீயே வீட்டுல பரீட்ச வச்சுக்கிட்டு இருக்கே." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உங்களுக்கு என்ன தெரியும் என்று அவர் வாயை அடைத்தேன்.

இரண்டாம் தவணையில் என் மகள் முதலாவது. ஆயாக்கொட்டாயில் அவள் கார்டைத்தான் முதலில் எடுத்துப் படித்தேன். எப்படிப் படிக்க வேண்டும் என்று காட்டுவதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய். பெருமைக்குத்தான் படித்தேன். புந்தோங்கில் அத்தனை வருஷம் கேட்டில் நின்று எனக்குக் கிடைக்காத இடம் அந்தப் பெஞ்சில் கிடைத்துவிட்டது. பிறகு இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு கார்டாகப் படித்தேன். ஐந்தாவது வந்த பிள்ளையின் காதை அவன் அம்மா அங்கேயே திருகினாள். கடைசிக் கார்டு அந்தச் சிநேகிதியுடையது. அவள் அம்மா எல்லாரும் கேட்கச் சொன்னாள்: "வருஷக் கடைசியிலயும் இதே கடைசின்னா, மரத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். பால் கோப்ப தொடைக்கவாவது ஆவும். நர்ஸ் வேலைக்கு விடலாம்னு பைத்தியக்காரி மாதிரி நெனச்சுக்கிட்டிருந்தேன்." என் மகளும் அந்தப் பிள்ளையும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெரிய வாத்தியார் ஒரு நாள் மோட்டார் சைக்கிளை ஆயாக்கொட்டாய் வாசலில் நிறுத்தினார். "அந்த வாசிப்ப நிறுத்திக்கிறீங்களாம்மா? கார்டு குடுக்கிற அன்னிக்கிப் பிள்ளைங்க வீட்டுக்குப் போக மாட்டேங்குதுங்க." அவங்க கேக்குறாங்க, நான் படிக்கிறேன், இதுல என் தப்பு என்ன சார் என்று கேட்டேன். அவர் வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகும் நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

வருஷக் கடைசிப் பரீட்சை முடிந்து, கார்டு கொடுத்த அன்று என் மகள் மெதுவாக நடந்து ஆயாக்கொட்டாய்க்கு வந்து, கார்டை என் மடியில் வைத்துவிட்டு ஓரமாக நின்றாள். திறந்து பார்த்தேன். ஒன்பது பேரில் ஒன்பது. கணக்கு சைபர். மலாய் சைபர். தமிழ் சைபர். "என்னாடி இது?" என்றேன். "எழுதலம்மா. வெள்ளத்தாளக் குடுத்தேன்," என்றாள். ஏன் என்று கேட்பதற்குள் பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். மற்ற எட்டுக் கார்டும் என் கைக்கு வந்தது. எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்து, வழக்கம்போல என் மகள் கார்டிலிருந்து தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

"ஒண்ணு," என்றேன்.

ஒருத்தி கையைத் தட்டினாள். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. அடுத்த கார்டில் நிஜமான ஒன்று இருந்தது. அதையும் ஒன்று என்று எப்படிப் படிப்பது? இரண்டு என்று படித்தேன். நிஜமான இரண்டை மூன்று என்றேன். மூன்றை நாலு என்றேன்.  ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு படி கீழே தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியாக என் கையில் இருந்தது அந்தச் சிநேகிதியின் கார்டு. அதில் எட்டு என்று இருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு நம்பர்தான்.

"ஒம்பது," என்றேன்.

"எட்டும்மா!" வாசலிலிருந்து அந்தப் பிள்ளை கத்தினாள். "சத்தியமா எட்டும்மா, நான் பாத்தேன்! கடைசி இல்லம்மா!"

அவள் அம்மா எழுந்து போய் ஓங்கி ஓர் அறை விட்டாள். "அக்கா படிச்சுச் சொல்லுது, பொய் வேற சொல்றியா நீ?" பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் கார்டை மூடி அவள் அம்மாவின் கையில் கொடுத்தேன். "சரிக்கா, மரத்துக்கு என்கூடவே வரட்டும்," என்றாள் அவள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

எல்லாரும் போன பிறகு என் ஆத்திரமெல்லாம் மகள்மீது திரும்பியது. வீட்டுக்குப் போகிற பாதையில் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "ஏண்டி எழுதல? ஒன்னால நான் என்னா பாடுபட்டேன் தெரியுமா?"

அவள் அழவில்லை. "நான் கடைசியா வந்தா அவ எட்டாவதா வருவாம்மா. அவங்கம்மா ஸ்கூலுக்கு விட்டுருவாங்கன்னு நெனச்சேன்," என்றாள்.

நின்றுவிட்டேன். பின் லயம் அங்கிருந்தே தெரிந்தது. இருநூறு அடிகூட இருக்காது. திரும்பிப் போய், நான் மாற்றிப் படித்துவிட்டேன், உன் பிள்ளை சொன்னதுதான் நிஜம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். போனால் என் பிள்ளை கடைசி என்று சொல்ல வேண்டும். நான் பொய் படித்தேன் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். பள்ளி விடுமுறை முழுக்க அந்தக் கைக்குழந்தையைத் தினம் அவளிடமிருந்து வாங்கினேன், தினம் அவளிடம் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரியில் பள்ளி திறந்தபோது ஐந்தாம் வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். முதல் தவணையில் என் மகள் முதலாவதாக வந்தாள். கார்டை அவள் அப்பாவிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.